பெஞ்சிலேயே இருப்பதா, வேறு அணிக்குத் தலைமையேற்பதா? என்பிஏ துணைப் பயிற்சியாளரின் முன் நிற்கும் நான்கு வழிகள்

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளரின் முகம் மனப்பாடமாகிவிடும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தலைமைப் பதவி ஒன்று காலியானால் அணி நிர்வாகங்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது அந்த வரிசையில்தான்.

அந்த வரிசைவரை வந்துவிட்ட ஒருவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிடித்த அணியின் துணைப் பயிற்சியாளர் ஏன் திடீரென்று கல்லூரிக்குப் போனார் என்று புரியாத ரசிகர்கள் சிலர். வட அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் வீடியோ அறையில் வேலை செய்துகொண்டு, இதையே வாழ்க்கையாக்க நினைக்கும் இளைஞர்கள் சிலர். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வழிகள் நான்கு: என்பிஏ பெஞ்சிலேயே தொடர்வது, என்பிஏவின் வளர்ச்சி லீகான ஜி லீகில் தலைமைப் பயிற்சியாளராவது, கல்லூரி அணிக்குத் தலைமையேற்பது, வெளிநாட்டுக் கிளப்புக்குப் போவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமைப் பயிற்சியாளராக வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்து, அதுவரை ஓர் அணியையும் தன் பொறுப்பில் நடத்தியிராதவர், கௌரவம் பார்க்காமல் ஜி லீகுக்குப் போக வேண்டும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவையும் சிறியவை அல்ல.

## எதை வைத்து எடைபோடுவது

முடிவு யார் கையில்? எல்லாவற்றிலும் இதையே நான் முதலில் வைப்பேன். 2019-20 சீசனிலிருந்து என்பிஏவில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து மறுபார்வை கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் பெஞ்சைப் பாருங்கள். மறு ஒளிபரப்பைப் பார்க்கும் உதவியாளர் 'கேட்கலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சைகை காட்டுவார். ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம்-அவுட்டை எடுத்து, கையை உயர்த்தி விரலைச் சுழற்ற வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர். கேட்டது தவறாகப் போனால் அந்த டைம்-அவுட்டும் போய்விடும். கடைசி நிமிடத்தில் அது இல்லாமல் தோற்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். யோசனை சொல்வது ஒரு திறமை, முடிவெடுப்பது இன்னொரு திறமை. பத்து ஆண்டு யோசனை சொன்னவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடாது.

யார் கண்ணில் படுகிறோம்? என்பிஏவில் அணிகள் முப்பது. தலைமைப் பதவிகளும் முப்பதே. அவற்றை நிரப்புபவர்கள் பொது மேலாளர்களும் உரிமையாளர்களும். உங்கள் வேலை அவர்களுக்குத் தெரிகிறதா என்பது முக்கியம்.

வேலை யாரை நம்பி இருக்கிறது? துணைப் பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் அவருடைய தலைமைப் பயிற்சியாளரின் வேலையோடு கட்டப்பட்டது. புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

பணமும் வீடும். என்பிஏ துணைப் பயிற்சியாளர்களின் சம்பளத்தை அணிகள் வெளியிடுவதில்லை. வீடியோ அறையில் தொடங்குபவருக்கும் தலைமைப் பயிற்சியாளரின் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிள்ளைகள் எத்தனை பள்ளி மாற வேண்டியிருக்கும் என்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி ஒன்று: பெஞ்சிலேயே தொடர்வது

சீசனுக்கு 82 ஆட்டம், அதில் பாதி வெளியூரில். எதிரணிகளைத் துணைப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். தன் பங்குக்கு வந்த அணியின் அண்மைய ஆட்டங்களைப் பார்த்து, எந்த ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார், பந்து வைத்திருப்பவருக்குச் சக ஆட்டக்காரர் வழிமறித்து உதவும் பிக் அண்ட் ரோலை எப்படித் தடுக்கிறார்கள், டைம்-அவுட் முடிந்து வந்ததும் என்ன ஆடுவார்கள் என்று துண்டு துண்டாக வெட்டித் தொகுக்க வேண்டும். இரவு ஆட்டம் முடிந்து விமானம் ஏறி அடுத்த ஊரில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். மறுநாள் ஆட்டக்காரர்கள் முன்னால் அத்தனையையும் சில நிமிடங்களில் சொல்லி முடித்தாக வேண்டும். அதற்கு மேல் அவர்கள் காதில் ஏறாது.

இந்த வழியின் பெரிய லாபம், நாற்காலி திடீரென்று காலியாகும்போது பக்கத்தில் இருப்பது. 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து அணி 30 வெற்றி, 11 தோல்வி என்ற நல்ல நிலையில் இருந்தபோதே டேவிட் பிளாட்டை நீக்கியது. பக்கத்து நாற்காலியில் இருந்த டைரன் லூ பொறுப்பேற்று, அதே ஆண்டு ஜூனில் கோப்பையை வென்றார். 2022இல் பாஸ்டன் சீசன் தொடங்கும் தறுவாயில் ஜோ மஸூலாவிடம் பொறுப்பைக் கொடுத்தது. 2024இல் அவரும் வென்றார். 2025 ஏப்ரலில், வழக்கமான சீசன் முடிய மூன்றே ஆட்டங்கள் இருந்தபோது, டென்வர் மைக்கேல் மலோனை நீக்கித் துணைப் பயிற்சியாளர் டேவிட் ஆடெல்மனை நியமித்தது. பின்னர் அவரே நிரந்தரமானார்.

இதை மட்டும் பார்த்தால் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். மறுபக்கத்தையும் பாருங்கள். 2025 மார்ச்சில் மெம்ஃபிஸ் டெய்லர் ஜென்கின்ஸை நீக்கியபோது துணைப் பயிற்சியாளர் டுவோமாஸ் ஈசாலோவிடம் அணி ஒப்படைக்கப்பட்டது. அதே வேளையில் நோவா லாரோஷ், பேட்ரிக் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற இரு துணைப் பயிற்சியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே பெஞ்ச், ஒரே முடிவு. ஒருவருக்குப் பதவி, இருவருக்கு வேலையில்லை.

என்னை அதிகம் வருத்தியது ஏட்ரியன் கிரிஃபின் கதை. 2008இல் துணைப் பயிற்சியாளராகத் தொடங்கி மில்வாக்கி, சிகாகோ, ஆர்லாண்டோ, ஓக்லஹோமா சிட்டி, டொராண்டோ என்று ஐந்து அணிகளில் 15 ஆண்டு உழைத்தவர். 2023இல் மில்வாக்கி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அதற்கு முன் எந்த அணியையும் அவர் தலைமையேற்று நடத்தியதில்லை. 43 ஆட்டங்களில் 30 வெற்றி பெற்றிருந்தும் 2024 ஜனவரியில் நீக்கப்பட்டார். அவரிடம் குறையிருந்ததா, அணியிடம் குறையிருந்ததா என்பதை உள்ளே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கோப்பையை மட்டுமே ஏற்கத் தயாராக இருந்த ஓர் அணியில், நட்சத்திரங்களுக்கு நடுவே, முதல்முறையாகத் தலைமை தாங்கப் பழக வேண்டியிருந்தது. தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் அங்கே அவகாசமே இல்லை.

மறைந்திருக்கும் செலவு இன்னும் ஒன்று: நல்ல துணைப் பயிற்சியாளர் என்ற பெயரே விலங்காகிவிடலாம். டாம் திபடோ 1989இல் மினசோட்டாவில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2008இல் பாஸ்டன் வென்ற கோப்பைக்குக் காரணமான தடுப்பாட்டத்தை வகுத்தவர் என்று எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். அப்படியும் 2010இல்தான் சிகாகோ அவரைத் தலைமைக்கு அழைத்தது. அடுத்த ஆண்டே சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. தகுதி எப்போது வந்தது, அழைப்பு எப்போது வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இது யாருக்கு ஏற்றது: உங்கள் தலைமைப் பயிற்சியாளரின் இடம் உறுதியாக இருந்து, தாக்குதலையோ தடுப்பையோ அவர் முழுமையாக உங்களிடம் ஒப்படைத்திருந்தால் இருங்கள். எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் மயாமியின் வீடியோ அறையில் சேர்ந்தார். எங்கும் போகாமல் 2008இல் அதே அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். மயாமி நிர்வாகத்தின் தலைவர் பேட் ரைலி போல ஒருவர் மேலே இருந்து ஆளை வளர்த்தெடுக்கும் வீட்டில்தான் அது நடக்கும். அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. முன்பே வேறு எங்காவது தலைமை தாங்கிவிட்டு பெஞ்சுக்கு வந்தவர்களுக்கும் காத்திருப்பது பொருந்தும். மஸூலா பாஸ்டன் பெஞ்சுக்கு வருமுன் ஃபேர்மான்ட் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி அணியை இரண்டு சீசன் தலைமையேற்று நடத்தியிருந்தார். பலரும் மறந்துவிடும் விஷயம் இது.

## வழி இரண்டு: ஜி லீகில் தலைமை

2001இல் வளர்ச்சி லீகாகத் தொடங்கியது இன்று ஜி லீக். ஏறத்தாழ எல்லா என்பிஏ அணிக்கும் இங்கே ஒரு கிளை அணி உண்டு. டொராண்டோவில் இருப்பவர்கள் மிசிசாகாவில் தங்கள் ஊர் அணியின் கிளையான ராப்டர்ஸ் 905 ஆடுவதைப் பார்த்திருக்கலாம். சிறிய அரங்கம், பெஞ்சுக்கு மிக அருகில் இருக்கைகள். பயிற்சியாளர் கத்துவது நன்றாகவே கேட்கும்.

இங்கே வேலை எப்படி என்றால், ஆட்டநாள் காலையில் தாய் அணியிலிருந்து தகவல் வரும்: உங்களுடைய சிறந்த ஆட்டக்காரரை மேலே அழைக்கிறோம். 2017இல் வந்த இருவழி ஒப்பந்த முறைப்படி அவர் இரண்டு அணிக்கும் பொதுவானவர். மறுத்துப் பேச இடமில்லை. நேற்றுவரை அவரை மையமாக வைத்துச் செய்த பயிற்சி அத்தனையும் வீண். மாலைக்குள் புதிய ஐவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே இருந்து இறங்கி வரும் இளம் ஆட்டக்காரருக்கு இத்தனை நிமிடம் ஆடக் கொடுங்கள் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். அதே நேரத்தில், மேலே போக வாய்ப்பே இல்லாத மற்றவர்களை அன்று இரவும் உயிரைக் கொடுத்து ஆட வைக்க வேண்டும். இதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் கூடைப்பந்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எந்தக் கல்லூரிப் பாடமும் தராத ஒன்று இங்கே கிடைக்கிறது: ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்து, அது தவறானால் நாளை மறுபடி முயலும் வாய்ப்பு.

பலன்கள் கண்முன்னே இருக்கின்றன. நிக் நர்ஸ் இங்கிலாந்தில் பல ஆண்டு பயிற்சி தந்துவிட்டு வந்து, 2011இல் அயோவா அணியுடனும் 2013இல் ரியோ கிராண்டே வேலி அணியுடனும் இந்த லீகின் பட்டம் வென்றார். அதன்பிறகே டொராண்டோவின் துணைப் பயிற்சியாளரானார். 2019இல் அதே டொராண்டோவுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தார். ஸ்கார்பரோவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடின. மார்க் டைக்னோ 29 வயதில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியை ஏற்று ஐந்து சீசன் நடத்தினார். ஓராண்டு துணைப் பயிற்சியாளர்; 2020இல் தாய் அணியின் தலைமை. முதல் சீசனில் 22 வெற்றி, அடுத்ததில் 24. நிர்வாகம் அசையவில்லை. 2024-25இல் 68 வெற்றியும் கோப்பையும். டொராண்டோவின் டார்கோ ரயாகோவிச், புரூக்ளினின் ஜோர்டி ஃபெர்னாண்டஸ் இருவரும் இந்த லீகில் தலைமை தாங்கியவர்களே.

செலவையும் மறைக்கக் கூடாது. தனி விமானம் போய்ச் சாதாரணப் பயணிகள் விமானம் வரும். பெரிய உதவியாளர் கூட்டம் இருக்காது. வீடியோ வெட்டுவதிலிருந்து ஆட்டக்காரரின் மனக்குறை கேட்பதுவரை நீங்களே. மூத்த துணைப் பயிற்சியாளராக இருந்தவருக்கு வருமானம் நன்றாகவே குறையும். வென்றாலும் யாரும் பட்டத்தைப் பெரிதாக எண்ணுவதில்லை; உங்களிடமிருந்து எத்தனை பேர் மேலே போய் நிலைத்தார்கள் என்பதே கணக்கு. கிளை அணியைத் தாய் அணி மறந்துவிட்டால் நீங்களும் மறக்கப்படுவீர்கள். ஆகவே கையெழுத்திடுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தாய் அணியும் கிளை அணியும் ஒரே ஆட்ட முறையில் ஆடுகின்றனவா? பொது மேலாளர் கிளை அணியின் ஆட்டத்துக்கு நேரில் வருகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அந்த வேலை வேண்டாம்.

இது யாருக்கு ஏற்றது: நாற்பது வயதுக்குள், கடன் சுமை இல்லாமல், ஒருமுறைகூட அணியை நடத்தியிராதவருக்கு.

## வழி மூன்று: கல்லூரி அணி

ஆண்கள் முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். முப்பது நாற்காலிக்குக் காத்திருப்பவருக்கு இந்த எண்ணிக்கையே ஆறுதல் தரும். பெரிய கல்லூரிகள் பணமும் அள்ளித் தருகின்றன. ஃபீனிக்ஸ் அணியின் கெவின் யங், என்பிஏவிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் துணைப் பயிற்சியாளர் என்று செய்திகளில் சொல்லப்பட்டவர். ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் என்றார்கள். அவரே 2024 ஏப்ரலில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் ஆண்டிலேயே தேசியப் போட்டியில் தோற்காமல் எஞ்சும் பதினாறு அணிகளுக்குள் அணியைக் கொண்டுவந்தார்.

ஆனால் ஆட்டம் வேறு, வேலையும் வேறு. 24 வினாடிக் கடிகாரத்துக்குப் பதில் 30 வினாடி, நான்கு கால்பகுதிகளுக்குப் பதில் இருபது நிமிட இரு பாதிகள் என்பவை சில வாரங்களில் பழகிவிடும். ஆள் சேர்ப்பதுதான் பழகாது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வருவாயில் பங்கு கொடுக்கின்றன. விரும்பியபோது கல்லூரி மாறவும் தடை தளர்ந்துவிட்டது. சீசன் முடிந்த கையோடு பாதி அணி கலைந்து போகும். அதே வாரத்தில் புதிய அணியைத் திரட்ட வேண்டும். பெற்றோரிடம், முகவரிடம், பணம் கொடுக்கும் முன்னாள் மாணவர்களிடம் தொலைபேசியில் பேசியே நாள் போகும். பலகையில் ஆட்டம் வரைவதில் இன்பம் காண்பவருக்கு இது பெரிய இழப்பு.

ஜுவான் ஹவர்ட் மயாமி பெஞ்சிலிருந்து 2019இல் மிச்சிகனுக்குப் போனார். 2021இல் நாட்டின் சிறந்த கல்லூரிப் பயிற்சியாளர் விருது. 2024இல் 8 வெற்றி, 24 தோல்வி, வேலை போயிற்று. அதன்பின் புரூக்ளினில் மறுபடி துணைப் பயிற்சியாளர். ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ் ராப்டர்ஸ் 905 அணியுடன் 2017இல் பட்டம் வென்று, மெம்ஃபிஸ் பெஞ்சில் ஓராண்டு இருந்து, வாண்டர்பில்ட் கல்லூரியில் ஐந்து சீசன் நடத்தி, நீக்கப்பட்டு, 2024இல் கோல்டன் ஸ்டேட் பெஞ்சுக்கு வந்தார். கதவு ஒரேயடியாக மூடிவிடுவதில்லை என்பதற்கு இருவரும் சாட்சி. ஆனால் இருவரும் என்பிஏவில் நெடுங்காலம் ஆடிய, பெயர் பெற்றவர்கள். வீடியோ அறையிலிருந்து வந்தவருக்கு அதே கதவு அவ்வளவு எளிதாகத் திறக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இது யாருக்கு ஏற்றது: பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பழகுவது பிடித்தவருக்கு, குடும்பத்தை ஒரே ஊரில் வைத்திருக்க விரும்புகிறவருக்கு.

## வழி நான்கு: வெளிநாட்டுக் கிளப்

முன்பெல்லாம் ஐரோப்பாவுக்குப் போனவரை என்பிஏ மறந்துவிடும். எத்தோரே மெஸ்ஸினா, ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக் பட்டத்தை நான்கு முறை வென்றவர். 2014 முதல் 2019வரை சான் அன்டோனியோ பெஞ்சில் தலைமைப் பயிற்சியாளர் பாபோவிச்சின் அருகில் இருந்தார். என்பிஏவில் தலைமை கிடைக்கவே இல்லை, மிலானுக்குத் திரும்பினார். அண்மையில் காற்று மாறியிருக்கிறது. மேலே சொன்ன ஈசாலோ, பாரிஸ் அணியுடன் 2024இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோகப்பை வென்றபின் மெம்ஃபிஸுக்கு வந்து ஓராண்டுக்குள் தலைமைப் பயிற்சியாளரானவர். அவருக்குப் பின் பாரிஸை ஏற்ற டியாகோ ஸ்ப்ளிட்டர், ஹூஸ்டனில் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டுப் போனவர். பிரெஞ்சு லீகை வென்று, 2025இல் போர்ட்லாந்து பெஞ்சுக்குத் திரும்பினார். அக்டோபரிலேயே இடைக்காலத் தலைமை அவரிடம் வந்தது.

ஐரோப்பிய ஒப்பந்தங்களில் வரி போகக் கைக்கு வரும் தொகையையே குறிப்பிடுவது வழக்கம். வீடும் காரும் கிளப் தரும். ஆனால் எல்லாக் கிளப்பும் சம்பளத்தை நேரத்துக்குத் தருவதில்லை. சம்பள பாக்கி போன்ற வழக்குகளைத் தீர்க்க உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா அமைத்த கூடைப்பந்து நடுவர் மன்றம் ஒன்றே இயங்குகிறது என்றால் நிலைமை புரியும். தகராறு வந்தால் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கொண்டு பாருங்கள். நாலைந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் சீசன் நடுவில் ஆளை மாற்றுவது அங்கே சகஜம்.

இது யாருக்கு ஏற்றது: தாக்குதல் முறையில் தனக்கென்று ஒரு சிந்தனை உள்ளவருக்கு, மொழி தெரியாத ஊரில் வாழக் குடும்பமும் சம்மதித்தால்.

பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். பெக்கி ஹாமன் சான் அன்டோனியோ பெஞ்சில் எட்டு சீசன் இருந்தார். என்பிஏவில் நேர்காணல் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. 2022இல் லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியை ஏற்று அந்த ஆண்டே கோப்பை வென்றார். 2023இலும் 2025இலும் மறுபடி வென்றார். அவர் என்பிஏ நாற்காலிக்காக இன்னும் காத்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

## ஒரே பார்வையில்

| | என்பிஏ பெஞ்ச் | ஜி லீக் | கல்லூரி | வெளிநாடு |
|---|---|---|---|---|
| முடிவெடுக்கும் உரிமை | குறைவு | உண்டு; ஆள் தேர்வு தாய் அணியிடம் | முழுமை | ஆட்டத்தில் முழுமை |
| என்பிஏ நிர்வாகிகளின் பார்வை | மிக அருகில் | அருகில், தாய் அணி அக்கறை காட்டினால் | தொலைவில் | தொலைவில். இப்போது மாறிவருகிறது |
| வேலை யாரை நம்பி | தலைமைப் பயிற்சியாளரை | தாய் அணி நிர்வாகத்தை | கல்லூரியையும் கொடையாளர்களையும் | அடுத்த சில ஆட்டங்களை |
| வருமானம் | அனுபவத்தோடு உயரும் | குறைவு | பெரிய கல்லூரியில் மிக அதிகம் | கிளப்பைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | துணை என்ற முத்திரை | திடீரென ஆள் இழப்பு | ஆள் சேர்ப்பு | சம்பள பாக்கி, இடமாற்றம் |

## தலைமையே வேண்டாம் என்பவர்

அட்டவணையில் இவருக்கு இடமில்லை. ஆனால் இவரைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. டெக்ஸ் வின்டர் 1971 முதல் 1973வரை ஹூஸ்டன் அணிக்குத் தலைமை வகித்தவர்; 1985இல் அறுபது வயதைக் கடந்த நிலையில் சிகாகோவில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அவர் ஆயுள் முழுதும் செதுக்கிய முக்கோணத் தாக்குதல் முறையை, பின்னர் சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளரான ஃபில் ஜாக்சன் எடுத்துக்கொண்டார். சிகாகோ ஆறு கோப்பை வென்றது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியிலும் இருவரும் சேர்ந்து வென்றார்கள். 2011இல் வின்டர் கூடைப்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். பத்திரிகையாளர் கூட்டமும் உரிமையாளரின் கோபமும் இல்லாமல், ஆட்டத்தை மட்டும் யோசித்து வாழும் வாழ்வு அது. உங்கள் மனம் அங்கே நிறைகிறது என்றால் மேலே சொன்ன கணக்குகளால் அதைக் கலைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமாகக் கேட்டு வாங்குங்கள். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டாலும் மிச்சச் சம்பளம் உங்களுக்கு வருமா என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## நாட்காட்டி

இந்த நான்கு வாய்ப்பும் ஒரே நாளில் மேசை மீது வந்து கிடப்பதில்லை. கல்லூரிகள் மார்ச், ஏப்ரலில் ஆள் எடுக்கும். அப்போது உங்கள் அணி, கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃப் வாசலில் நிற்கும். கெவின் யங்கின் நியமனம் அறிவிக்கப்பட்டபோது ஃபீனிக்ஸுக்குப் பிளே-ஆஃப் இன்னும் தொடங்கக்கூட இல்லை; அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார். என்பிஏ தலைமைப் பதவிகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன்வரை நிரம்பும். ஐரோப்பியக் கிளப்புகள் ஜூனில் பேசும். ஜி லீக் நியமனங்கள் லாஸ் வேகாஸ் கோடைகால லீக் முடிந்தபின், ஜூலையிலும் ஆகஸ்டிலும்கூட நடக்கும். ஏப்ரலில் அழைக்கும் கல்லூரி ஆகஸ்டுவரை உங்களுக்காகக் காத்திருக்காது. எந்த வழி முதலில், எது வந்தால் மறுப்பது என்பதை ஜனவரியிலேயே, தோல்வியின் எரிச்சலோ வெற்றியின் மயக்கமோ இல்லாத ஒரு விடுமுறை நாளில், வீட்டாரோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள்.